பழைய பேஸ் கிட்டார் வாங்கி, சரிசெய்து, விற்பது எப்படி? புதுவை, கடலூர் பக்கத்து ஆட்களுக்கு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியிலும் கடலூரிலும் பரணில் ஏறிக் கிடக்கும் பேஸ் கிட்டார்கள் நிறைய. மெல்லிசைக் குழுக்களில் ஒரு காலத்தில் பேஸ் வாசிக்கத் தனி ஆள் இருப்பார். கீபோர்டில் இடது கையாலேயே பேஸையும் வாசித்துவிடலாம் என்று ஆனபோது, பலர் வாத்தியத்தை உறையில் போட்டு மேலே வைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், சர்ச் பாடகர் குழுவில் வாசிக்க ஆசைப்படும் பையனும் கல்லூரி பேண்டில் சேர்ந்திருக்கும் பெண்ணும் புது பேஸின் விலையைக் கேட்டுவிட்டு யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள். பரணில் இருப்பதை இறக்கி, வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவந்து, இவர்கள் கையில் சேர்ப்பதை நான் ஆசையாகச் செய்துவருகிறேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. பழைய பேஸில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அதன் நெக்கை, அதாவது இடது கை பிடிக்கும் நீளமான கழுத்தைத்தான். பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) போயிருந்தால் மாற்றலாம். ட்யூனர் (சுருதி ஏற்றும் முறுக்காணி) தேய்ந்திருந்தால் மாற்றலாம். பெயின்ட் உரிந்திருந்தால் அப்படியே வாசிக்கலாம். நெக் முறுக்கிக்கொண்டால் மட்டும், அதை நிமிர்த்த ஆகும் செலவு நம் பக்கம் கிடைக்கும் சாதாரண பேஸின் விலையையே தாண்டிவிடும்.

எந்த மாதிரியைத் தேடுவது

ஃபெண்டர் கம்பெனி 1951-ல் பிரிசிஷன் பேஸையும் 1960-ல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தது. இன்று கடைகளில் தொங்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் வழியில் வந்தவை. பிரிசிஷன் மாதிரியில் நடுவில் இரண்டு துண்டாகப் பிரிந்த ஒரே பிக்கப் இருக்கும். ஜாஸ் மாதிரியில் நீளமான இரண்டு பிக்கப்கள் இருக்கும், நெக்கும் நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் சிறு பட்டை) பக்கம் ஒல்லியாக, சுமார் 38 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். பிரிசிஷனில் அது 41 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கை சின்னதாக இருப்பவர்களுக்கு இந்த மூன்று மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

முதல் தடவை வாங்குபவருக்கு நான் சொல்வது, இந்த இரண்டு மாதிரிகளுக்குள்ளேயே நில்லுங்கள் என்பதுதான். உதிரிப் பாகம் சுலபமாகக் கிடைக்கும், விற்கும்போதும் ஆள் கிடைக்கும். விசித்திர வடிவத்தில் இருப்பவை மேடையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பிரிட்ஜ் (உடம்பில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் உலோகப் பாகம்) உடைந்தால் அதே அளவில் இன்னொன்றைத் தேடி அலைய வேண்டும். யமஹா, ஐபனெஸ், கோர்ட், ஸ்குவயர் ஆகியவற்றின் ஆரம்ப நிலை பேஸ்கள் நம் ஊரில் அதிகம் கைமாறுகின்றன. அவற்றை நம்பி வாங்கலாம். கொல்கத்தாவில் செய்த பழைய இந்திய கிட்டார்களும் கண்ணில் படும். ஆசைக்கு வாங்கலாம், ஆனால் நெக்கை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

கையில் டேப் இருந்தால் நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து பாருங்கள். 17 அங்குலம் வந்தால் அது 34 அங்குல முழு அளவு பேஸ். 15 வந்தால் 30 அங்குலக் குட்டை அளவு. குட்டை அளவு தப்பில்லை. ஆனால் அதற்கான ஸ்ட்ரிங் தனி, எல்லாக் கடையிலும் இருக்காது.

எங்கே தேடுவது

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் எப்போதாவது ஒன்று வரும். அதை நம்பி வாராவாரம் போவது வீண். நல்ல பேஸ்கள் மூன்று வழிகளில் வருகின்றன. ஒன்று, ஏப்ரல், மே மாதங்களில் கடைசி வருடம் முடித்து ஹாஸ்டலைக் காலி செய்யும் கல்லூரி மாணவர்கள். இரண்டாவது, ஆரோவில் பக்கம் சில மாதங்கள் தங்கிவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் ஊருக்குக் கிளம்பும் வெளிநாட்டவர்கள். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் நன்றாகப் பராமரித்த வாத்தியமாக இருக்கும், பேரமும் அதிகம் தேவைப்படாது. மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: பழைய ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள். முத்தியால்பேட்டையிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ இருக்கும் ஒரு டிரம்மரையோ சவுண்ட் சர்வீஸ்காரரையோ பிடித்து, "அண்ணே, யார்கிட்டயாவது பழைய பேஸ் இருக்கா?" என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் மூன்று முகவரி கிடைக்கும்.

அவர்கள் வீட்டுக்குப் போனால் உட்கார்ந்து பேசுங்கள். அந்த வாத்தியத்தில் சோறு சாப்பிட்டவர் அவர். எடுத்த எடுப்பில் குறை சொல்லி விலையைக் குறைப்பது முறையல்ல, பலனும் தராது.

பார்க்கப் போகும்போது

ஒரு கேபிள், 4 மற்றும் 5 மில்லிமீட்டர் எல்-கீ, 3/16 அங்குல எல்-கீ, ஒரு மல்டிமீட்டர், போனில் ட்யூனர் ஆப், ஒரு விசிட்டிங் கார்டு, புது 9 வோல்ட் பேட்டரி. இவ்வளவு போதும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

நெக்கில் ஆரம்பியுங்கள். பேஸைச் சரியான சுருதிக்கு ஏற்றச் சொல்லுங்கள். தளர்ந்த ஸ்ட்ரிங்கோடு நெக்கைப் பார்த்தால் எதுவும் தெரியாது. நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து சுமார் 75 கிலோ இழுக்கின்றன, ஏறக்குறைய ஒரு நெல் மூட்டையின் எடை. அந்தச் சுமையில் நெக் எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் நெக்கின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி லேசாக வளைந்திருந்தால் பயமில்லை. ஒரு ஓரம் ஏறி மறு ஓரம் இறங்கினால் அது முறுக்கு. கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து ஈ ஸ்ட்ரிங்கை (நான்கில் தடிமனானது) முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், கடைசி ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். ஸ்ட்ரிங்கே அளவுகோலாகிவிடும். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 0.3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருப்பது நல்லது. விசிட்டிங் கார்டு மெதுவாக நுழைந்தால் ஏறக்குறைய சரி. இடைவெளி அதிகமாக இருந்தாலும் சுத்தமாக இல்லாவிட்டாலும் ட்ரஸ் ராட் (வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் வைத்திருக்கும் இரும்புக் கம்பி) வேலை செய்தால் சரிசெய்துவிடலாம்.

அந்த "வேலை செய்தால்" என்பதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒருவரிடம் பளபளவென்று ஒரு ஜாஸ் மாதிரி பேஸைப் பார்த்தேன். ட்ரஸ் ராட் மூடியைத் திறக்காமலே பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து எல்-கீ போட்டால், சாவி உட்காரும் பள்ளம் முழுக்க உருண்டுபோயிருந்தது. சாவி சும்மா சுற்றியது. அந்த நெக்கைக் கடைசிவரை சரிசெய்ய முடியவில்லை. அதிலிருந்து, விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, எல்-கீயை நுழைத்துக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. விற்பவர் தொடவே கூடாது என்றால் அதற்கு ஏற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

இதன் பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பாருங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கிர்ரென்றால் அந்த ஃப்ரெட் தேய்ந்திருக்கும், அல்லது அதற்கு அடுத்தது எழும்பியிருக்கும். ஜி ஸ்ட்ரிங்கில் (நான்கில் மெல்லியது) ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஓர் இடத்தில் சத்தம் சீக்கிரம் அடங்குவது பல பேஸ்களில் உண்டு. அது நெக் அதிரும் விதத்தால் வருவது, பெரிய குறை இல்லை. நெக் உடம்போடு சேரும் இடத்திலும் நட்டுக்குப் பின்புறமும் விரல் நகத்தால் தடவி விரிசல் பாருங்கள்.

வீட்டில் ஆம்ப் இல்லையென்றாலும் பிக்கப்பைச் சோதிக்கலாம். கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒரே பிக்கப் உள்ள பிரிசிஷன் மாதிரியில் 10 கிலோ ஓம் அளவில் காட்டும். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் பிக்கப் உள்ளே அறுந்துவிட்டது, நீங்கள் பார்ப்பது வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடைப் பாகம்) அளவு. ஜாஸ் மாதிரியில் இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்திருக்கும்போது சுமார் 4 வரும். 7 அல்லது 8 வந்தால் இரண்டில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ்களில் இந்தச் சோதனை பலிக்காது. அதற்கு ஆம்ப்தான் வேண்டும், பேட்டரிப் பெட்டியில் பச்சையாக ஏதும் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புயலில் நனைந்த பேஸ்

நம் கரையோரத்துக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நனைந்த வாத்தியங்கள் காயவைத்துத் துடைத்து விற்பனைக்கு வருகின்றன. விற்பவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. குமிழ்கள், ஒயர்கள் இருக்கும் குழியின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். புழுங்கிய வாடை எத்தனை வருடமானாலும் போகாது. பிரிட்ஜின் திருகுகள் வெறுமனே துருப்பிடித்திருந்தால் அது உப்புக்காற்று, நம் ஊரில் எல்லா பேஸுக்கும் உண்டு. திருகின் அடிக்கட்டையைச் சுற்றி மரம் கறுத்து, துரு மரத்துக்குள் இறங்கியிருந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது. ஃபிங்கர்போர்டு (நெக்கின் முன்பக்கம் ஃப்ரெட்டுகள் பதித்த பலகை) ஓரத்தில் நெக்கிலிருந்து மயிரிழை அளவுக்குப் பிரிந்திருப்பது, பிளைவுட் உடம்பு ஓரத்தில் உப்பியிருப்பது, பிக்கப் காந்தங்களின் தலையில் வெள்ளையாகப் பூத்திருப்பது எல்லாம் அதே கதைதான். அப்படிப்பட்டதை உதிரிப் பாக விலைக்கு மட்டும் வாங்கலாம்.

விலை

இன்று அதே மாடல் புதிதாக என்ன விலை என்று முதலில் பாருங்கள். அவர் வாங்கியபோது என்ன விலை என்பது நமக்கு வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் புது விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போகலாம் என்பது என் கணக்கு. அதிலிருந்து உடனே செய்ய வேண்டிய செலவைக் கழியுங்கள். உதாரணமாக, புது விலை 20,000 என்றால் 11,000-ல் தொடங்கி, ஸ்ட்ரிங்குக்கு 2,000, கரகரக்கும் பாட்டுக்கும் ஜாக்குக்கும் 500 என்று கழித்து 8,500 சொல்லலாம். ஏன் அந்த விலை என்று வாய்விட்டு விளக்குங்கள். கணக்கு தெரிந்தால் பெரும்பாலோர் கோபப்படுவதில்லை.

விலை மிகக் குறைவாக இருந்து, பில்லும் இல்லை, உறையும் இல்லை, விற்பவருக்கு அதில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கத் தெரியவில்லை என்றால் விலகிவிடுங்கள். யாரோ ஒருவர் தன் வாத்தியத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். எதை வாங்கினாலும் ஒரு தாளில் மாடல், சீரியல் எண், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்ததும்

இரண்டு நாள் அப்படியே வையுங்கள். பிறகு பழைய ஸ்ட்ரிங்கைக் கழற்றி, சுத்தம் செய்யுங்கள். பிக்கப்களை டேப் ஒட்டி மூடிவிட்டு, மிக மெல்லிய ஸ்டீல் வூலால் ஃப்ரெட்டுகளில் ஏறிய களிம்பைத் தேய்த்து எடுக்கலாம். டேப் ஒட்டாவிட்டால் அந்த இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வராது. ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுக்கு அதற்கென்று விற்கும் எண்ணெயை இரண்டு சொட்டு போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். பிரிட்ஜில் இறுகிப்போன குட்டித் திருகுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும்.

இப்போது புது ஸ்ட்ரிங். 45-லிருந்து 105 வரையிலான (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) செட் நான்கு ஸ்ட்ரிங் பேஸுக்குப் பொதுவானது. சுருதிக்கு ஏற்றிய பிறகு இந்த வரிசையில் போங்கள், வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும்.

1. நெக் வளைவு. எல்-கீயை வலப்பக்கம் திருப்பினால் ராட் இறுகி வளைவு குறையும். இடப்பக்கம் தளர்த்தினால் வளைவு கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, அளந்து, தேவைப்பட்டால் மறுநாள் தொடருங்கள். அளக்க ஃபீலர் கேஜ் வேண்டுமென்றால் டேப்பட் பார்க்கும் டூவீலர் மெக்கானிக்கிடம் இருக்கும்.

2. ஸ்ட்ரிங் உயரம். 17-வது ஃப்ரெட்டின் மேல் ஈ ஸ்ட்ரிங்குக்கு 2.4, ஜி ஸ்ட்ரிங்குக்கு 2 மில்லிமீட்டர் வைத்து ஆரம்பியுங்கள். பலமாக வாசிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்.

3. சுருதிச் சுத்தம். 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு வாசிப்பது) ஒன்று, அழுத்தி வாசிப்பது ஒன்று, இரண்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தி வாசிப்பது ஏறினால் சேடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சிறு துண்டு) நெக்கை விட்டுப் பின்னே தள்ளுங்கள். இறங்கினால் முன்னே.

4. பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தினால் ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நெக் மறுபடி கொஞ்சம் அசையும். அப்போது ஒருமுறை பாருங்கள். வாசித்து முடித்ததும் ஸ்ட்ரிங்கை உலர்ந்த துணியால் துடைப்பது நம் கரையில் ஸ்ட்ரிங்கின் ஆயுளை நன்றாகவே நீட்டும். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கமும், மழைநீர் ஊறும் வெளிச்சுவரிலும் பேஸை மாட்டாதீர்கள்.

எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

என் விதி ஒன்றே: திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் நல்ல வாத்தியத்தில் செய்யாதீர்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், திருகு உட்பட, ஜிப் கவரில் போட்டு எழுதி வையுங்கள்.

கரகரக்கும் பாட்டுக்கு முதலில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்புங்கள். போகாவிட்டால் 250 கிலோ ஓம் பாட், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், நல்ல ஜாக் வாங்கி மாற்றிவிடுங்கள். ஈயம் வைக்கத் தெரியாதென்றால் ரேடியோ, மொபைல் ரிப்பேர் செய்பவரிடம் கொடுக்கலாம், படம் வரைந்து கொண்டுபோங்கள்.

இரைச்சல் இருந்து, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறது என்றால், ஒயர்கள் போகும் குழிக்குள் தாமிர டேப் ஒட்டினால் நல்ல பலன் உண்டு. துண்டுகள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள், பசை மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பாதீர்கள். பிறகு மொத்தத்தையும் கிரவுண்டோடு இணையுங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயரையும், வீட்டின் எர்த்தையும் சந்தேகப்படுங்கள்.

இங்கே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை யாரும் வெட்டாதீர்கள். பேஸ் ஸ்ட்ரிங், ஆம்பின் எர்த்தோடு இணைந்தது. திருவிழாப் பந்தலில் எர்த் இல்லாமல் ஆம்பில் கசிவு வந்தால், கையில் ஸ்ட்ரிங்கும் உதட்டில் மைக்கும் இருக்கும்போது மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். உயிர் போகிற விஷயம் இது.

பிக்கப் மாற்றுவதில்தான் பெரிய மாற்றம் கேட்கும். வாங்கும் முன் அளந்துவிடுங்கள். ஜாஸ் மாதிரியில் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் மற்றதைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், ஆனால் சில மலிவுப் பேஸ்களில் இரண்டும் ஒரே அளவு. எடை கூடிய பிரிட்ஜ் மாற்றுவதில் நான் காசைப் போட மாட்டேன். அந்தக் காசில் இரண்டு செட் ஸ்ட்ரிங் வாங்கினால் காதுக்கு அதிகம் தெரியும். மெல்லிசைக்கும் சர்ச் பாட்டுக்கும் ஃபிளாட்வவுண்ட் (தட்டையான கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங் போட்டுப் பாருங்கள். விரல் உரசும் சத்தம் அடங்கி, தபேலாவோடு அழகாகச் சேரும்.

ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்குவது நம் பிள்ளைகளுக்கு வரும் ஆசை. கமகம் வழுக்கிக்கொண்டு வரும், ஆசை நியாயமானது. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸின் ஃபிங்கர்போர்டில் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசியிருந்தார். ஃப்ரெட் முழுக்கத் தேய்ந்த, ஆனால் நெக் நேராக நிற்கும் ஒரு பேஸ் கிடைத்தால் செய்யுங்கள். சால்டரிங் அயர்னால் ஃப்ரெட்டைச் சூடாக்கி, குறடால் ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கி, பள்ளத்தில் மெல்லிய மரச்சீவல் வைத்து ஒட்டித் தேய்க்க வேண்டும். ஃப்ரெட் நன்றாக இருக்கும் பேஸில் மட்டும் வேண்டாம். அதை வாங்க ஆள் கிடைக்க மாட்டார்.

விற்கும்போது

மாற்றத்துக்குப் போட்ட காசு விலையில் திரும்பி வராது. 5,000 ரூபாய் பிக்கப் போட்ட பேஸுக்கு 5,000 கூடுதலாக யாரும் தருவதில்லை. பழைய பிக்கப்பைத் திரும்ப மாட்டி பேஸைத் தனியாகவும், நல்ல பிக்கப்பைத் தனியாகவும் விற்றால் கைக்கு அதிகம் வரும். ஜிப் கவர் எதற்கென்று இப்போது தெரிந்திருக்கும்.

நேரம் பார்த்து விற்கலாம். ஆடி மாதக் கோயில் கச்சேரிகளுக்கு முன்பு, கல்லூரி திறக்கும் சமயம், கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுக்கள் தயாராகும் நவம்பர். ஜூன் 21 இசை விழாவில் வாசித்துக் காட்டினால் கேட்பவர்கள் அங்கேயே வருவார்கள்.

படம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முன், பின், ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி), சீரியல் எண், ஃப்ரெட்டுகள் கிட்டத்தில், நெக்கைக் குறி பார்க்கும் கோணத்தில் ஒன்று. அப்புறம் ஒவ்வொரு குறையையும் தனிப் படமாக எடுத்து முதலிலேயே போடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினீர்கள், தண்ணீர் பட்டதா, எல்லாம் எழுதுங்கள். இப்படிச் செய்தால் வருபவர் குறைவு, ஆனால் வருபவர் வாங்கத்தான் வருவார். 22 கிலோமீட்டர் தாண்டி கடலூரிலிருந்து ஒரு பையன் பஸ்ஸில் வந்து இறங்கியபின், சொல்லாத விரிசலைப் பார்த்து முகம் வாடித் திரும்புவதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

வருபவர் ஆரம்ப நிலை ஆள் என்றால், நீங்களே நெக்கைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். ட்ரஸ் ராட் மூடியை நீங்களே திறந்து காட்டுங்கள். ஆக்டிவ் பேஸாக இருந்தால், வாசிக்காதபோது கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும், செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

வெளியூருக்குப் பார்சலில் அனுப்புவதாக இருந்தால், ஸ்ட்ரிங்கை முழுக்கத் தளர்த்தாமல் இரண்டு ஸ்வரம் இறக்குங்கள். நெக்குக்குக் கீழே துணியைச் சுருட்டி முட்டுக் கொடுங்கள், ஹெட்ஸ்டாக் பெட்டியின் எந்தப் பக்கத்தையும் தொடாமல் நிற்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் உறையிலேயே வைத்துவிட்டுப் பிறகு சுருதி ஏற்றச் சொல்லுங்கள். பழைய பாகங்களின் கவரையும் ட்ரஸ் ராட் எல்-கீயையும் உறையின் முன் பையில் போட்டு, எந்தப் பையில் இருக்கிறது என்று போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.